வான்கோழி மோலே: மடத்துக் கதையும் அதற்கு முந்தைய சட்டியும்

கேள்வி இது: "மெக்சிகோவில் கல்யாணம், திருவிழா எதுவானாலும் வான்கோழி மோலே இல்லாமல் நடக்காது என்கிறார்கள். ஆனால் மோலே என்பது புவெப்லா நகரத்தில் ஒரு கன்னியர் மடத்தில் பிறந்த சாக்லேட் குழம்பு என்றும் படித்தேன். மடத்தில் பிறந்ததைப் பூர்வகுடி உணவு என்று எப்படிச் சொல்ல முடியும்?"

அந்த மடத்துக் கதையை அப்படியே நம்புவதால் வரும் குழப்பம் இது. பறவை பூர்வகுடிகளுடையது, மிளகாய் அவர்களுடையது, அரைக்கிற கல் அவர்களுடையது, மோலே என்ற பெயரும் அவர்களுடையதுதான். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த சட்டியில் மடத்துக்காரர்கள் இன்னும் கொஞ்சம் மசாலா போட்டார்கள், அவ்வளவுதான் நடந்தது. சாக்லேட்டைப் பார்த்ததும் "இதோ அஸ்டெக் அடையாளம்" என்று பலர் துள்ளுகிறார்கள், பாவம், இருக்கிற சாட்சிகளிலேயே அதுதான் நொண்டிச் சாட்சி. அதற்குப் பிறகு வருகிறேன்.

கதை என்னவென்றால், 17-ஆம் நூற்றாண்டு, சாந்தா ரோசா மடம், யாரோ பெரிய இடத்து விருந்தாளி வருகிறார் (ஆயர் என்பார் சிலர், ஸ்பெயின் மன்னரின் பிரதிநிதி என்பார் சிலர்), சோர் ஆந்த்ரேயா என்ற கன்னியாஸ்திரி கைக்கு வந்ததையெல்லாம் அரைத்து வான்கோழி மேல் ஊற்றுகிறார், எல்லோரும் விரல் சப்புகிறார்கள். இன்னொரு வடிவத்தில் பாஸ்குவால் பைலோன் என்ற துறவி இருக்கிறார், காற்றடித்து மசாலாத் தட்டு சட்டிக்குள் கவிழ்ந்துவிடுகிறது. தலவேரா ஓடு பதித்த அந்த மடத்துச் சமையலறை இன்றும் இருக்கிறது, பார்க்க மிக அழகான இடம். ஆனால் கைக்கு வந்ததையெல்லாம் அரைத்தது யார் என்று மட்டும் கேட்டுப்பாருங்கள். மோலேவுக்கு அரைப்பது என்றால் மெத்தாத்தே என்கிற மூன்று கால் வைத்த சாய்ந்த எரிமலைக் கல்லின் முன்னால் முட்டிபோட்டுக்கொண்டு, குழவியை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி மணிக்கணக்கில் அரைப்பது. நம் அம்மிக்குத் தூரத்து உறவு மாதிரி இருக்கும். அந்தக் காலத்து மடங்களில் கல்லடியில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பூர்வகுடி வேலைக்காரப் பெண்கள். கதையில் அவர்களுக்குப் பெயர் கிடையாது.

மோலே என்பது அஸ்டெக்குகள் பேசிய நாவாட்ல் மொழியின் மோல்லி. அரைத்துச் செய்கிற குழம்பு, தொக்கு, துவையல் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். மிளகாயை அரைத்தால் சில்மோல்லி, அவகாடோவை அரைத்தால் அவாகாமோல்லி, அதாவது இன்றைக்கு ஊரெல்லாம் சிப்ஸோடு தொட்டுத் தின்கிற குவாக்கமோலே. ஆக மோலே என்பது ஒரு பண்டம் இல்லை, ஒரு குடும்பம். "மோலேவைக் கண்டுபிடித்தவர் யார்" என்பது "குழம்பைக் கண்டுபிடித்தவர் யார்" என்று கேட்பது போலத்தான்.

எழுத்துச் சாட்சிக்கு வருவோம். பெர்னார்டினோ டி சஹாகூன் என்ற பிரான்சிஸ்கன் துறவி, 16-ஆம் நூற்றாண்டின் நடுவில், நாவாட்ல் பேசும் நாவா மக்களின் முதியவர்களிடம் கேட்டுக்கேட்டு, படித்த நாவா இளைஞர்களையே எழுதவைத்து, 12 பகுதிகள் கொண்ட ஒரு பெருந்தொகுப்பை உருவாக்கினார். இப்போது அது புளோரன்ஸ் நகரத்து நூலகத்தில் இருப்பதால் புளோரன்டைன் கோடெக்ஸ் என்கிறார்கள். அதன் எட்டாம் பகுதியில் பிரபுக்கள் சாப்பிட்டது என்னென்ன என்று நீண்ட பட்டியல் வருகிறது. படித்தால் பசிக்கும். வான்கோழி வைத்த தமாலே (சோளமாவை இலையில் கட்டி ஆவியில் வேகவைப்பது), பொரிக்காமல் தீயில் வாட்டிய வான்கோழி, மஞ்சள் மிளகாய்க் குழம்பு, அப்புறம் நமக்கு முக்கியமானது: சிவப்பு மிளகாய், தக்காளி, அரைத்த பூசணி விதை சேர்த்துச் சமைத்த வான்கோழி. இதைத்தான் இப்போது பிபியான் என்கிறார்கள் என்று அங்கேயே குறித்தும் வைத்திருக்கிறார்கள். புவெப்லா கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு நூறு வருடம் முன்னால் இது எழுத்தில் இருக்கிறது. பிபியான் இன்றும் மெக்சிகோவின் எந்தச் சந்தைச் சாப்பாட்டுக் கடையிலும் கிடைக்கும், செய்முறையும் பெரிதாக மாறவில்லை.

அந்தப் பட்டியலில் கொக்கோவும் வருகிறது, ஆனால் குழம்பில் இல்லை, குடிப்பதில். தேன் விட்டது, பூ போட்டது, வனிலா போட்டது என்று கொக்கோ பானங்கள் தனியாக வரிசை கட்டி நிற்கின்றன, எல்லாம் சாப்பாடு முடிந்த பிறகு, நுரை பொங்க. இறைச்சிக் குழம்பில் கொக்கோ போட்டதாக அங்கே ஒரு வரிகூடக் கிடையாது. சடங்குக்கும் பிரபுக்களுக்கும் உரிய, காசாகவே புழங்கிய கொட்டையை மிளகாய்க் குழம்பில் கரைத்திருப்பார்கள் என்று நினைப்பதும் கஷ்டம். ஆகவே மோலேவில் சாக்லேட் சேர்ந்தது ஸ்பானியர் காலத்துப் பழக்கமாகத்தான் இருக்க வேண்டும். கொட்டை பூர்வகுடிகளுடையது, அதைக் குழம்பில் போட்டது அவர்களுடையது அல்ல. பெரும்பாலான மோலேக்களில் சாக்லேட்டே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் மோலேவில் இல்லை, பச்சை மோலேவில் இல்லை, பிபியானில் இல்லை. கறுப்பு மோலேயிலும் புவெப்லா மோலேயிலும்கூட ஒரு பெரிய சட்டிக்குக் கடைசியில் ஓரிரு வில்லை போடுவார்கள். அதைப்போய்ச் சாக்லேட் குழம்பு என்பது, வெல்லம் ஒரு துண்டு போட்ட புளிக்குழம்பை வெல்லக் குழம்பு என்பது மாதிரி.

பழைய ஸ்பானிய ஆவணங்களைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவர்கள் வான்கோழியை "காயீனா", அதாவது கோழி என்றே எழுதிவிடுவார்கள். சிலர் மட்டும் "இந்த மண்ணின் கோழி", "தாடைச் சதை தொங்கும் கோழி" என்று அடைமொழி போடுவார்கள். மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸின் 1520-ஆம் வருடக் கடிதத்தில், அஸ்டெக் மன்னர் மொக்தெசுமாவின் பறவைச்சாலையில் கழுகு, பருந்துகளுக்கெல்லாம் தினமும் கோழி போட்டார்கள் என்று வருகிறது. அந்தக் கோழி வான்கோழி. நாட்டுக்கோழி அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இது தெரியாமல் மொழிபெயர்த்தவர்களால் எத்தனையோ நூல்களில் அஸ்டெக் அரண்மனையில் கோழிக்கறி பரிமாறப்பட்டுக்கொண்டிருக்கிறது.

நாவாட்லில் வான்கோழிச் சேவலுக்கு வெஷோலோட்ல், பெட்டைக்கும் பொதுவாக இந்தப் பறவைக்கும் தோதோலின். வெஷோலோட்ல்தான் ஸ்பானிய நாக்கில் குவாஹொலோத்தே ஆனது. பிறகு ஸ்பானியர் கொண்டுவந்த கோழிக்கு ஒரு பெயர் வேண்டுமே, காஸ்தில் நாட்டுப் பறவை என்பதைச் சுருக்கிக் காஸ்தில் என்றே வைத்துவிட்டார்கள் நாவா மக்கள். யார் வீட்டுக்காரர், யார் வந்தவர் என்பது பெயரிலேயே இருக்கிறது.

இந்தப் பறவையைக் காட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது மெக்சிகோவில், குறைந்தது 2,000 வருடங்களுக்கு முன்னால். அமெரிக்கத் தென்மேற்கில் புவெப்லோ மக்களின் முன்னோர்கள் தனியாக இன்னொரு முறை பழக்கினார்கள், அந்த மரபு வேறு. இன்று உலகம் முழுக்கப் பண்ணையில் நிற்கிற வான்கோழி அத்தனையும் மெக்சிகோவில் பழக்கியதன் வாரிசுதான். குவாத்தமாலாவில் எல் மிரடோர் என்ற பழைய மாயா நகரத்தில் தோண்டியபோது கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். கி.மு. 300-க்கும் கி.பி. 100-க்கும் இடைப்பட்டவை. அந்தக் காட்டில் இயற்கையாக இருப்பது கண்போன்ற புள்ளி வைத்த வேறொரு இனம், நீலத் தலை, பச்சையும் வெண்கலமுமாக மின்னும் இறகு, வீட்டில் வளர்க்க ஒத்துவராத பறவை. ஆனால் கிடைத்த எலும்புகளில் மெக்சிகோ இனத்தினுடையதும் இருந்தது. வடக்கே வெகுதூரத்திலிருந்து யாரோ கொண்டுவந்து வளர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வஹாகா மாநிலத்தின் மித்லாவில் இன்னும் மனதைத் தொடும் ஒன்று. சுமார் 1,500 வருடப் பழைய ஒரு வீட்டில் படையலாகப் புதைத்த ஐந்து முழு முட்டைகள், பக்கத்திலேயே முட்டையிலிருந்து வந்ததும் வராததுமான ஏழு குஞ்சுகளின் எலும்புகள். முட்டை, குஞ்சு, வளர்ந்தது எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தால் வேட்டையாடிக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது, வீட்டிலேயே அடைகாக்க விட்டிருக்கிறார்கள்.

எவ்வளவு புழங்கியது என்பதற்கு மோதொலினியா என்ற துறவியின் கணக்கு ஒன்று உண்டு. தெபெயாகா சந்தையில் ஐந்து நாளைக்கு ஒருமுறை 8,000 பறவைகள் விற்றதாம். துறவிகள் எண்ணிக்கையை ஊதுவார்கள் என்று பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் பெரிய எண்தான். விலையும் தெரியும். த்லாஸ்காலாவில் 1545-இல் நாவாட்லில் எழுதிய விலைப்பட்டியல் கிடைத்திருக்கிறது: நல்ல பெட்டை 100 கொக்கோக் கொட்டை, சேவல் 200, ஒரு வான்கோழி முட்டை 3, புதிதாகப் பறித்த அவகாடோ 3, ஒரு தமாலே 1. ஒரு சேவலின் விலைக்கு 200 பேருக்கு ஆளுக்கொரு தமாலே வாங்கிக் கொடுக்கலாம். அன்றாடம் தின்கிற பண்டம் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. அன்றாடச் சாப்பாடு சோளரொட்டி, மிளகாய், அவரை, கீரை. வான்கோழி என்றால் யாருக்கோ கல்யாணம், அல்லது யாரோ யாரையோ வேண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சஹாகூன் தொகுப்பில் தொலைதூர வணிகர்கள் விருந்து வைப்பது எப்படி என்று விரிவாக வருகிறது. 80 அல்லது 100 வான்கோழி, 20 அல்லது 40 நாய் வாங்க வேண்டுமாம். பரிமாறும்போது தட்டில் நாய்க்கறியை அடியில் வைத்து, வான்கோழியை மேலே வைப்பார்களாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பிரியாணியில் பீஸை மேலே தெரியும்படி வைக்கிற கல்யாணச் சமையல்காரரின் கை அங்கேயும் வேலை செய்திருக்கிறது. அதே தொகுப்பின் பதினோராம் பகுதி, விலங்குகளைப் பற்றியது, வான்கோழியை இறைச்சிகளுக்கெல்லாம் தலைவன் என்கிறது, கொழுத்தது, ருசியானது என்று சப்புக்கொட்டுகிறது.

சாப்பாட்டோடு நிற்கவில்லை. தெஸ்கட்லிபோகா என்ற பெருந்தெய்வத்தின் ஒரு வடிவம் சால்சியூதோதோலின், அதாவது மணி இழைத்த வான்கோழி. உலகம் பலமுறை படைக்கப்பட்டு அழிந்தது என்ற நாவா கதையில், மழை என்ற பெயருள்ள ஒரு யுகம் நெருப்பு மழையில் அழிந்தபோது அந்தக் காலத்து மனிதர்கள் வான்கோழிகளாக மாறிப்போனார்கள். மாயா மக்களின் பழைய ஓவியச் சுவடியான டிரெஸ்டன் கோடெக்ஸில் புத்தாண்டுச் சடங்குப் பக்கங்களில் தலை அறுத்த வான்கோழியைப் படைக்கிறார்கள். படையல் பட்டியலில் வான்கோழித் தலை வரைந்த தமாலேக் குறியீடும் உண்டு.

சரி, சமையலுக்கு வருவோம். பூர்வகுடி வேர் எங்கே என்று கேட்டால் நான் மளிகைப் பட்டியலைப் பார்க்கமாட்டேன், சட்டியில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பேன். ஸ்பானியர் வருவதற்கு முன் மெக்சிகோவில் பன்றி கிடையாது, மாடு கிடையாது, ஆகவே பொரிக்கிற கொழுப்பும் கிடையாது. வதக்குவது, தாளிப்பது, பொரிப்பது எதுவும் அந்தச் சமையலில் இல்லை. இருந்தவை நான்கைந்து வேலைகள்: கோமால் என்கிற மண் ஓட்டில் மிளகாயையும் விதையையும் தக்காளியையும் சுட்டு எடுப்பது, கல்லில் அரைப்பது, சட்டியில் வேகவைப்பது, இலையில் கட்டி ஆவியில் வைப்பது, மண்ணுக்குள் குழி வெட்டிச் சூடான கல்லோடு புதைப்பது. இவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு எந்தக் கிராமத்து வான்கோழி மோலேயைப் பார்த்தாலும் எது பழசு, எது பிறகு வந்தது என்று நீங்களே பிரித்துவிடலாம். மிளகாயை ஓட்டில் வாட்டுவது பழசு. அரைத்த விழுதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது புதுசு. வான்கோழி வெந்த தண்ணீரையே ஊற்றிக் கரைப்பது பழசு. நாட்டு வான்கோழி, அதுவும் தோட்டத்தில் ஓடித் திரிந்த சேவல், முரட்டுக் கறி, மெதுவாக மணிக்கணக்கில் வெந்தால்தான் வழிக்கு வரும். அந்த வேகவைத்த தண்ணீரில்தான் மொத்த ருசியும் இறங்கியிருக்கும், அதைக் கொட்டிவிட்டு மோலே வைப்பவர் யாரும் இல்லை.

குழம்பைக் கெட்டியாக்குவதிலும் அந்தக் கை தெரிகிறது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேகவைத்து, தோல் நீக்கி, அரைத்த மாவுதான் அவர்களுடைய எல்லாச் சாப்பாட்டுக்கும் அடிப்படை. சுண்ணாம்பு சேர்ப்பதால்தான் சோளத்திலிருக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேர்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் சோளத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போன ஐரோப்பாவில் ஏழைகள் பெலாக்ரா நோயில் விழுந்தார்கள், அது தனிக்கதை. அந்த மாவைக் கரைத்து ஊற்றினால் மஞ்சள் மோலே கெட்டியாகும். காய்ந்த சோளரொட்டியைச் சுட்டு அரைத்துச் சேர்த்தால் கறுப்பு மோலே. சபோதெக் மக்கள் செய்யும் செகெசா என்ற குழம்பில் வறுத்து உடைத்த சோள நொய்யே நேராகப் போகும், கிட்டத்தட்ட கஞ்சிக்கும் குழம்புக்கும் நடுவில் இருக்கும். அதோடு வரும் வாசனை இலைகள் எபாசோத்தே, அவகாடோ இலை, ஓஹா சாந்தா. கடைசியாகச் சொன்னது மிளகு, வெற்றிலை இனத்தைச் சேர்ந்த செடி, இலையும் பெரிய வெற்றிலை மாதிரியே இருக்கும், வாசனை மட்டும் சோம்பு.

புவெப்லா மோலேவில் வெளியிலிருந்து வந்தவை என்று எடுத்தால் எள், பாதாம், உலர்திராட்சை, பூண்டு, வெங்காயம், கொத்தமல்லி விதை, கிராம்பு, மிளகு, பட்டை. பூசணி விதை இருந்த இடத்தில் எள்ளும் பாதாமும் உட்கார்ந்தன, அவ்வளவுதான், வேலை அதே வேலை. பட்டையில் மெக்சிகோக்காரர்கள் இன்றும் கறார். கெட்டித் தோல் வேண்டாம், இலங்கையின் மெல்லிய சுருள்தான் வேண்டும் என்பார்கள், இலங்கைப் பட்டையை உலகத்தில் அதிகம் வாங்குகிற நாடுகளில் ஒன்று மெக்சிகோ. மிளகு அங்கே போனது, மிளகாய் இங்கே வந்தது. நாம் வந்ததற்கு மிளகின் பெயரையே நீட்டி வைத்துக்கொண்டோம், அவர்கள் போனதைக் குழம்பில் ஓரமாகச் சேர்த்துக்கொண்டார்கள். மாற்றத்தில் யாருக்கு லாபம் அதிகம் என்று கேட்டால் நான் நமக்குத்தான் என்பேன்.

மெக்சிகோவின் தென்கிழக்கே, மாயா மக்களின் யுகாடானுக்குப் போனால் கதையே வேறு. அங்கே மோலே என்ற சொல்லே அதிகம் கிடையாது, குவாஹொலோத்தே என்றும் சொல்லமாட்டார்கள். ஸ்பானியத்தில் பாவோ, மாயாவில் ஊலும், காட்டில் இருப்பதற்குக் குட்ஸ். அங்கே பார்க்கவேண்டியது ரெயேனோ நேக்ரோ, கறுப்பு வான்கோழி. காய்ந்த மிளகாயை வாட்டுவதோடு நிறுத்தாமல் கரியாகும் வரை எரித்துவிடுவார்கள். வீட்டுக்குள் செய்தால் தெருவே இருமும் என்பதால் வெட்டவெளியில்தான் எரிப்பார்கள். எரிந்ததைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கசப்பை இறக்கி, மசாலாவோடு அரைத்தால் தார் மாதிரி ஒரு விழுது வரும். அதில் வான்கோழி வேகும், சோளமாவு கரைத்துக் கெட்டியாக்குவார்கள், நடுவில் அவித்த முட்டையை ஒளித்துவைத்த ஒரு பெரிய இறைச்சி உருண்டை மிதக்கும். உருண்டையில் இருப்பது பன்றி, முட்டை கோழியுடையது, இரண்டும் கப்பலில் வந்தவை. சட்டியில் மற்றதெல்லாம் பெரும்பாலும் மாயா. முதல்முறை பார்க்கிறவர்களுக்குச் சாப்பிடத் தோன்றாது, நிறம் அப்படி. ஒரு வாய் வைத்துவிட்டால் பிறகு பேச்சு இருக்காது. சோளமாவு கரைத்த குழம்பை மாயாவில் கோல் என்பார்கள், வெள்ளைக் கோல் ஊற்றிய வான்கோழியும் கல்யாணத்துக்கு உண்டு. மண்ணுக்குள் புதைத்துச் சமைக்கிற குழிக்குப் பெயர் பீப். இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாட்களில், அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில், வாழையிலையில் கட்டிய பெரிய தமாலேவை அந்தக் குழியில்தான் வைப்பார்கள். உள்ளே இப்போது பெரும்பாலும் கோழி. (அந்த வாழையிலையும் கடல் கடந்து வந்ததுதான்.)

எனக்குக் கேட்டால் வான்கோழியின் பூர்வகுடித்தனம் மிக அழுத்தமாகத் தெரிவது ருசியில்கூட இல்லை, கொடுக்கல் வாங்கலில்தான். வஹாகாவின் சபோதெக் ஊர்களில் கெலாகெட்சா என்று ஒரு முறை. உங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் ஊரார் வான்கோழி, சோளரொட்டி, முட்டை, கொக்கோ என்று கொண்டுவந்து தருவார்கள், நீங்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வீர்கள்: யார், என்றைக்கு, எத்தனை கிலோ எடையுள்ள வான்கோழி. அவர் வீட்டு விசேஷத்துக்கு அதே எடைக்குப் பறவை திரும்பிப் போயாக வேண்டும். மதுரைப் பக்கத்து மொய் நோட்டு தெரிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், ரூபாய்க்குப் பதில் உயிருள்ள பறவை, அவ்வளவுதான் வித்தியாசம். கெட்டிக்காரப் பெண்கள் மகன் சின்னவனாக இருக்கும்போதே அக்கம்பக்கத்து விசேஷங்களுக்கு வான்கோழி கொடுத்துக் கொடுத்துக் கணக்கை ஏற்றி வைத்திருப்பார்கள், அவன் கல்யாணத்தின்போது எல்லாம் ஒரே வாரத்தில் கொக்கரித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து சேரும். கல்யாணத்தன்று அந்தப் பறவையைக் கையில் ஏந்திக்கொண்டு ஆடும் ஆட்டமும் உண்டு, வஹாகாவிலும் உண்டு, நாவா ஊர்களிலும் உண்டு. பிறகு அதுவே சட்டிக்குப் போகும்.

அதே வஹாகாவின் மலைப்பகுதியில் மிஹே மக்கள் இன்றும் செம்போவால்தெபெட்ல் மலைக்கு ஏறி வான்கோழியைப் பலி கொடுக்கிறார்கள். பயிருக்காக, குழந்தைக்காக, ஊர்ப் பொறுப்பு ஏற்பதற்காக. இரத்தம் மலைக்கும் சோளமாவுக்கும், கறி குடும்பத்துக்கும். ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்கள் மாதா கோவிலிலும் இருப்பார்கள். இதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை, எழுதுகிற வெளியாட்களுக்குத்தான் சங்கடம்.

கோழி வந்தபிறகு வான்கோழி ஏன் ஒதுங்கியது என்றும் யோசிக்கலாம். கோழி வருடம் முழுக்க முட்டையிடும், சீக்கிரம் பெருகும். வான்கோழிப் பெட்டை வருடத்துக்கு ஓரிரு முறைதான் முட்டையிட்டு அடைகாக்கும், குஞ்சுகள் ஒரு மழைக்குத் தாங்காது. ஆகவே அன்றாடக் குழம்பைக் கோழி பிடித்துக்கொண்டது, விசேஷம் மட்டும் வான்கோழியிடம் தங்கியது. தங்கியது என்றால் பத்திரமாகத் தங்கியது, அதனால்தான் பழைய முறைகளெல்லாம் அதைச் சுற்றியே பிழைத்திருக்கின்றன. நகரத்தில் வேறு மாதிரி. கிறிஸ்துமஸ் இரவுக்கு அடுப்பில் சுட்ட "பாவோ" வாங்குவார்கள், சூப்பர் மார்க்கெட்டின் உறைந்த வெள்ளைப் பறவை. கிராமத்துத் தோட்டத்தில் நிற்கிற கறுப்பு, பழுப்புப் பறவை "குவாஹொலோத்தே". இரண்டும் ஒரே இனம், சொல்லில் மட்டும் சாதி வித்தியாசம். அந்த வெள்ளைப் பறவையின் பயணத்தைப் பாருங்கள்: மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின், அங்கிருந்து ஐரோப்பா முழுக்க, 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் குடியேறிகளோடு வட அமெரிக்கா, அங்கே பண்ணையில் மார்பு பெருக்கவைத்து, இப்போது உறைந்த நிலையில் மறுபடி மெக்சிகோ. அமெரிக்க வான்கோழியை அதிகம் வாங்குகிற நாடு மெக்சிகோதான். தாத்தா வீட்டுக்குப் பேரன் சூட்கேஸோடு விருந்தாளியாக வந்த மாதிரி.

ஊர் ஊராகப் போனதில் பெயரும் கெட்டது. ஆங்கிலத்தில் துருக்கி, துருக்கியில் இந்தியா, பிரெஞ்சிலும் இந்தியா, டச்சில் கால்கூன், அதாவது நம் கோழிக்கோட்டுக் கோழி, அந்த டச்சுச் சொல் இலங்கையில் சிங்களத்திலும் தங்கிவிட்டது. எல்லோரும் அடுத்தவனைக் கைகாட்டியிருக்கிறார்கள், ஒருவர்கூட மெக்சிகோவைச் சொல்லவில்லை. இந்தியாவுக்கு இந்தப் பறவை உண்மையில் வந்தது கோவா வழியாக, 1612 வாக்கில் அங்கிருந்து கொண்டுவந்த ஒன்றை ஜஹாங்கீர் தன் ஓவியர் மன்சூரைக்கொண்டு வரையவைத்தார். தமிழிலோ மயிலைப் பார்த்துத் தானும் ஆடப்போய் அசிங்கப்பட்ட பறவை என்று பள்ளிக்கூடத்திலேயே முத்திரை குத்திவிடுகிறோம். நாவா ஆட்களிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அங்கே அதுதான் மணி இழைத்த பறவை.

இந்த வேரை நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டும் என்றால் இருபது சாமான் போடும் புவெப்லா மோலேவில் தொடங்காதீர்கள், பிபியானில் தொடங்குங்கள். ஒரு கிலோ வான்கோழித் தொடைத் துண்டுகளை உப்பு மட்டும் போட்டு, சிறு தீயில் இரண்டு மணி நேரம் வரை வேகவையுங்கள், அந்தத் தண்ணீர் வேண்டும். தோல் நீக்கிய பூசணி விதை 200 கிராம், வெறும் சட்டியில், படபடவென்று வெடித்து உப்பும் வரை மட்டும் வறுங்கள், நிறம் மாறினால் கசந்துவிடும். காரம் குறைந்த காய்ந்த மிளகாய் ஆறேழு, நம் ஊரில் காஷ்மீரி மிளகாய்தான் கிட்டத்தில் வரும், வாட்டி ஊறவைத்துக்கொள்ளுங்கள். தக்காளி மூன்றை நேராகத் தீயில் சுட்டுத் தோலை உரியுங்கள். எல்லாவற்றையும் நைசாக அரைத்து, கறி வெந்த தண்ணீரில் கரைத்து, துண்டுகளைப் போட்டு, லேசாகக் குமிழ் விடும் சூட்டிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் விதை திரிந்து தனியாகவும் தண்ணீர் தனியாகவும் பிரிந்து நிற்கும், முதல்முறை எனக்கு அப்படித்தான் ஆனது. எண்ணெய் ஒரு சொட்டும் ஊற்றவேண்டாம், தாளிக்கக் கை பரபரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது நிமிடத்தில் பூசணி விதையின் எண்ணெய் தானாகவே மேலே மிதந்து வரும், அப்போது அடுப்பை அணைத்துவிடலாம்.